மஞ்சள் பூ மரம்

பிள்ளைகள் எறும்பு டீச்சர் என்று கூப்பிடுகிறவள் என் ஓரகத்தியின் மருமகள். கல்யாணமாகி வந்த புதிதில் வாசற்படி தாண்டவே யோசிப்பாள். அவளா இப்படி என்று எங்கள் ஆட்களுக்கு இன்னும் ஆச்சரியம்தான். மில்லை ஒட்டிய குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்கு வேலை. ஷிப்டுக்குப் போகிற தாய்மார் விட்டுப்போகும் நண்டு சிண்டுகளைக் குப்புறப் படுக்கவைத்து எறும்புச் சாரை பார்க்கச் சொல்வாள். அதில் வந்த பெயர் அது.

காப்பகத்துக்குப் பின்னால் தோப்பு, அதை அடுத்துக் கால்வாய். வாரம் ஒருநாள் பிள்ளைகளைத் தோப்புக்குக் கூட்டிப்போவாள். ஆளுக்கு ஒரு மரம். அது எப்போது துளிர்க்கிறது, எப்போது பூக்கிறது, எப்போது மொட்டையாகிறது என்று பார்த்துச் சொல்லவேண்டும். விசில் ஊதினால் ஓடிப்போய்த் தன் மரத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். டீச்சர் வந்து தலையைத் தொடும்வரை விடக்கூடாது. அவள் பிள்ளைகளை எண்ணுவதில்லை, மரங்களைத்தான் பார்ப்பாள். ஆளில்லாத மரம் தெரிந்தால் ஒரு பிள்ளை குறைகிறது என்று கணக்கு.

காற்றுக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில் விசில் ஊதினாள். ஒரு மரம் வெறுமனே நின்றது.

கிரேன் ஓட்டுகிறவளின் மகளுக்கு உரிய மரம் அது. தகரடப்பா என்று அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயர். அப்படி ஒரு வாய். அந்த வாய் இப்போது எங்கும் கேட்கவில்லை. மதகு திறந்துவிட்டதில் கால்வாய் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

மற்றவர்களை ஆயாவிடம் விட்டுவிட்டு டீச்சர் கரைக்கு ஓடினாள். சின்னச் செருப்பு ஏதாவது மிதக்கிறதா என்று பார்த்தாளாம். ஒன்றும் இல்லை. திரும்பி வந்தவளிடம் பக்கத்து மரத்தைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு குட்டி சொன்னாள்:

"அது அவ மரம் இல்ல டீச்சர். அவ மரத்துல மஞ்சப் பூ இருக்கும்."

டீச்சர் அண்ணாந்து பார்த்தாள். போன வாரக் காற்றில் பூவெல்லாம் உதிர்ந்து மரம் மொட்டையாக நின்றது. பெரியவர்களுக்கு அது அதே மரம். தகரடப்பாவுக்கு மரம் என்றால் பூதான். அப்படியானால் மஞ்சள் எங்கே?

அக்கரையில் இருந்தது. பிந்திப் பூத்த ஒற்றை மரம். அதைக் கட்டிக்கொண்டு ஒரு சிவப்புக் கவுன்.

கால்வாயின் குறுக்கே போகும் தண்ணீர்க் குழாய்மேல் நடந்து போயிருக்கிறாள். டீச்சரைக் கண்டதும் ஒரு கையை விட்டுக் குழாய்ப் பக்கம் திரும்பினாள். கூப்பிட்டால் ஓடிவந்துவிடுவாள். பாசி பிடித்த குழாய். டீச்சர் வாயைத் திறக்கவில்லை. விசிலை ஊதினாள்.

பிள்ளை மறுபடி மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

பாலம் மில் கேட்டுக்கு அருகே இருந்தது. ஊதிக்கொண்டே ஓடினாள். பின்னால் தோப்பில் எல்லாப் பிள்ளைகளும் காரணம் தெரியாமல் மரத்தை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். பாலத்தின் நடுவில் மூச்சு அடைத்து விசில் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால் கவுன் மரத்தைவிட்டு விலகிக் குழாயை நோக்கி நகர்கிறது. எங்கிருந்துதான் காற்றைப் பிடித்தாளோ, ஊதினாள்.

போய்த் தலையைத் தொட்டபோது தகரடப்பாவுக்குக் கோபம்.

"நான் கட்டிப் புடிச்சுட்டுதான் இருந்தேன். நீங்கதான் தொட வரவே இல்ல."



இனித் தோப்பே வேண்டாம் என்று நிர்வாகியம்மா சொல்லிவிட்டார். சாயங்காலம் கிரீஸ் கையோடு வந்த தாயிடம் டீச்சர் ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டவள் கையைத் துடைத்துவிட்டு மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"இங்க மூடி வச்சா அவ தனியா போவா. அந்த மொட்ட மரத்த அவளுக்குக் காட்டுங்க. நானும் வரேன்."

நிர்வாகியம்மாவிடமும் அவளே போய்ப் பேசினாள். குழாயின் இரு முனையிலும் முள்வேலி போட்ட பிறகு சம்மதம் கிடைத்தது. மறுபடி தோப்புக்குப் போன அன்று டீச்சர் தலைகளையும் எண்ணினாள். பூவைப் பார்க்காமல் கையால் மரத்தை அடையாளம் காணட்டும் என்று தகரடப்பாவின் கண்ணைத் துணியால் கட்டி மொட்டை மரத்தருகே நிறுத்தினாள். பட்டையைத் தடவித் தடவி, "இங்க ஒரு மூக்கு இருக்கு" என்றாள் பிள்ளை. தாயும் பட்டையில் இருந்த அந்தப் புடைப்பைத் தொட்டுப் பார்த்தாள். மறு கையில் பிடித்திருந்த மகளின் கவுனை மட்டும் அவள் விடவில்லை.