அலெக்சாண்டரின் அம்மா

பெரியநாயக்கன்பாளையம் போகும் பேருந்தில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. மடியிலிருந்த செவ்வந்திப்பூவின் மேல் அடிக்கடி பாட்டில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தார். நான் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த படத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னத்தக் கண்ணு தோண்டறாங்க?"

"அலெக்சாண்டர்னு அந்தக் காலத்து ராஜாங்கம்மா. அவரைப் புதைச்ச இடம் தெரியாம இன்னும் தேடறாங்க."

பூவின் மேல் இன்னொரு முறை தண்ணீரைத் தெளித்தார்.

"எம்பட பையன் கப்பல் வேலைக்குப் போனான் கண்ணு. புயல்ல கப்பல் முழுகிப்போச்சு. உடம்பு கெடைக்கலைன்னு சொல்லிப்போட்டாங்க."

"அப்போ இந்தப் பூ யாருக்குங்கம்மா?"

"இன்னிக்குக் கல்லறைத் திருநாளு. ஊட்டுக்காரர் கல்லறைக்குப் பாதி போடுவேன். மீதிய, பக்கத்துல வெறுந்தரையில அவனுக்குப் போட்டுட்டு வருவேன்."

அவர் மீண்டும் படத்தைப் பார்த்தார்.

"அந்த ராசாவோட அம்மாவுக்காச்சும் எடம் தெரிஞ்சிருக்குமா கண்ணு?"

"தெரிஞ்சிருக்குமுங்கம்மா" என்றேன்.

முகம் தெளிந்து, "அது போதும். வாரேன் கண்ணு" என்று இறங்கிப் போனார்.

நான் சொன்னது உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. உண்மையாக இருக்க வேண்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன்.