யூரியா இருந்தும் பட்டினி கிடந்த ஈஸ்ட்

1. பொங்காத மாவு

சரோஜா அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் பன், ரொட்டி போடும் சின்ன பேக்கரி வைத்திருந்தார். அன்று காலை பஸ் ஏறி, ராஜபாளையம் தாண்டி இருந்த எங்கள் ஈஸ்ட் ஃபேக்டரிக்கே வந்துவிட்டார். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. லேப் மேஜைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே மாவு பிசைந்தபடியே கிடந்தது.

“விடியக்காலம் பெசஞ்சது தாயி. இந்நேரம் மூடியத் தள்ளிக்கிட்டு வந்திருக்கணும். ஒங்க ஈஸ்ட்டுக்கு என்ன நோக்காடு?”

நான் அங்கே லேப் இன்சார்ஜ். அந்த வாரம் முழுக்க எங்கள் டேங்கில் ஈஸ்ட் பெருகவே இல்லை; கிடைத்த கொஞ்சத்துக்கும் வலு இல்லை. சிரப் ஊற்றுகிறோம், காற்று ஓடுகிறது, சூடு சரியாக இருக்கிறது. ஆனால் டெஸ்ட் பண்ணினால் சர்க்கரை இறங்காமல் அப்படியே நிற்கிறது. சாப்பாட்டைப் பரிமாறிய பிறகும் ஒருத்தர் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பதைப் போல.

“செத்த நேரம் இருங்கக்கா, டீ சொல்லுதேன்” என்றேன்.

“டீ வேண்டாம். நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுக்கு பன் ஏத்துக்கிட்டேன். அதுக்கு வழி சொல்லு.”

பழைய ஸ்டாக்கில் மிச்சம் இருந்த கட்டி ஈஸ்ட்டைக் கொடுத்து அனுப்பினேன்.

2. பழி விழுந்த இடம்

மானேஜர் ரகுராமன் சார் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மேலிடத்திலிருந்து போன்மேல் போன் வந்துகொண்டிருந்தது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில், எல்லோரும் கூடியிருக்கும்போது, டேங்க் ஆபரேட்டர் பெருமாள்சாமியைப் பார்த்துச் சொன்னார்.

“நீ லீவு முடிஞ்சு வந்ததுல இருந்துதான் இந்தக் கூத்து. டேங்க ஒழுங்காக் கழுவலைன்னா கிருமி ஏறத்தான் செய்யும். காரணம் தெரியுற மட்டும் நீ வீட்ல இரு.”

பெருமாள்சாமி அண்ணாச்சி புரட்டாசிச் சனிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலை என்ற குன்றின் பெருமாளுக்கு மொட்டை போட்டுவிட்டு அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். அவர் வந்ததும் ஈஸ்ட் படுத்ததும் ஒரே வாரம். அவர் ரப்பர் கம்பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனார்.

“மைக்ராஸ்கோப்ல கிருமி ஒண்ணும் தெரியல சார்” என்றேன்.

“தெரியலைங்கறதால இல்லைன்னு ஆயிருமாம்மா?” என்றார்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சியின் மனைவி லட்சுமி ஃபேக்டரி கேட்டில் வந்து நின்றார். பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு வேலைக்குப் போகிறவர். தலையில் பஞ்சு ஒட்டியபடியே வந்திருந்தார்.

“அவிய சோறு திங்க மாட்டேங்காவ மேடம். குளிக்கப் போனா கையத் தேச்சுக்கிட்டே நிக்காவ. ‘நல்லாத்தான கழுவுனேன், நல்லாத்தான கழுவுனேன்’னு அதையே சொல்லுதாவ. தோலு உரிஞ்சு போச்சு. நெசமாவே அவியதான் காரணமா? அப்பிடின்னா அதையாவது சொல்லிருங்க.”

“தெரியல லட்சுமி. பார்த்துச் சொல்லுதேன்” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

3. ஃபிளாஸ்க் வரிசை

லட்சுமி போனதும், படுத்துக் கிடந்த டேங்கிலிருந்து கொஞ்சம் ஈஸ்ட் எடுத்து, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் கலந்த லேப் மீடியம் என்ற சத்துக் கரைசலில் விட்டேன். அதில் அமினோ ஆசிட், வைட்டமின் எல்லாம் இருக்கும். மறுநாள் பார்த்தால் ஃபிளாஸ்க் கெட்டி மோர் மாதிரி கலங்கி நின்றது. சுத்தமான ஈஸ்ட், வேறு கிருமி ஒன்றுகூட இல்லை. ஆக, செல்லுக்கு நோய் இல்லை. நாங்கள் போட்ட தீனியில்தான் ஏதோ குறைகிறது.

ஈஸ்ட் உடம்பு வளர்க்க சர்க்கரை மட்டும் போதாது. நைட்ரஜன் வேண்டும். அதை வைத்துத்தான் அது அமினோ ஆசிட் செய்து, புரதம் கட்டும். நாங்கள் நைட்ரஜனுக்கு யூரியா போட்டோம். முன்பு சர்க்கரைக்குக் கரும்பாலையில் மிஞ்சும் பாகான மொலாசஸ். அதற்குத் தட்டுப்பாடு வந்ததால் மக்காச்சோள குளுக்கோஸ் சிரப்புக்கு மாறியிருந்தோம். அது ரகுராமன் சாருடைய யோசனை; முதலில் போட்டுப் பார்த்த ட்ரயல் பாட்ச் நன்றாகவே வளர்ந்திருந்தது. சிரப் பார்க்கக் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும். மொலாசஸோ தார் மாதிரி அழுக்கு. ஆனால் அந்த அழுக்கில்தான் கொஞ்சம் அமினோ ஆசிட், கொஞ்சம் தாது, பயோட்டின் என்ற வைட்டமின் எல்லாம் சேர்ந்து வந்துகொண்டிருந்தது.

சிரப்பும் யூரியாவும் டேங்கில் இருக்கும் அளவிலேயே எல்லா ஃபிளாஸ்க்கிலும் ஊற்றி, டேங்க் ஈஸ்ட்டைக் கொஞ்சம் விட்டேன். ஒன்றை அப்படியே விட்டேன். மற்றவற்றில் ஒவ்வொன்றிலும் ஒன்றாக லைசின், அஸ்பார்ட்டிக் ஆசிட் என்ற இரண்டு அமினோ ஆசிட்கள், பிறகு பயோட்டின்.

மறுநாள் காலை, அப்படியே விட்டதில் ஒன்றும் இல்லை. லைசின் போட்டதிலும் ஒன்றும் இல்லை. அமினோ ஆசிட் என்று பேர் இருந்தால் மட்டும் போதாது. லைசினிலிருந்து நைட்ரஜனை உருவிக்கொள்ள இந்த ஈஸ்ட்டுக்குத் தெரியாது. அஸ்பார்ட்டிக் ஆசிட் போட்டது ஓரளவு கலங்கியிருந்தது. பயோட்டின் போட்டதோ, ஃபிளாஸ்க்குக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியவில்லை. துளியளவு போட்டதற்கு அம்புட்டு வளர்ச்சி.

நம்பாமல் திரும்பவும் ஒருமுறை செய்தேன். அதேதான். யூரியாவை உடைத்து நைட்ரஜனை எடுக்கும் என்சைம், பயோட்டின் இல்லாமல் வேலை செய்யாது. அஸ்பார்ட்டிக் ஆசிட்டைச் செல் தானே செய்துகொள்ளவும் பயோட்டின் வேண்டும். அதனால்தான் அதை நாமே ஊட்டினால் பாதி சமாளிக்கிறது.

ரகுராமன் சார் ஃபிளாஸ்க்குகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“அப்ப ட்ரயல் பாட்ச் மட்டும் எப்பிடி நல்லா வந்துச்சு?”

“அதுக்கு விட்ட விதை ஈஸ்ட் மொலாசஸ்ல வளந்தது சார். ஒடம்புல பயோட்டின் சேத்து வச்சிருந்துச்சு. பொறவு விதையையும் சிரப்லயே வளத்தோம். ஈஸ்ட் ஒவ்வொரு தடவ மொட்டு விட்டுப் பெருகும்போதும் இருக்கறதத்தான் தாயும் பிள்ளையும் பங்கு போடும். பங்கு போட்டுப் போட்டு ஒண்ணுமில்லாமப் போச்சு. அது தீந்த வாரமும் அண்ணாச்சி வந்த வாரமும் ஒண்ணாப் போச்சு.”

அவர் ஃபிளாஸ்க்கை மெதுவாகக் கீழே வைத்தார். “சிரப்ப மாத்துனது நான்தானம்மா” என்றார். பிறகு, “வண்டிய எடுக்கச் சொல்லுங்க” என்றார்.

4. தளவாய்புரம்

பெருமாள்சாமி அண்ணாச்சி வீடு தளவாய்புரத்தில். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கையில் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தது. புறங்கையெல்லாம் சிவந்து, விரல் இடுக்கில் வெடித்திருந்தது. ரகுராமன் சார் அந்தக் கைகளையே பார்த்தபடி சொன்னார்.

“ஒம்மேல தப்பில்ல பெருமாள்சாமி. தீனியில வைட்டமின் கொறவு. நாளைக்கு வேலைக்கு வந்துரு.”

லட்சுமி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணாச்சி அழவில்லை.

“சந்தோசம் சார். ஆனா அன்னைக்கு அம்புட்டுப் பேரு இருக்கையில சொன்னீய. இத எங்க வீட்ல வச்சுச் சொல்லுதீய. நான் நாளைக்கு உள்ள வந்தா, டேங்கக் கெடுத்தவன் வாரான்னுதான பாப்பாவ?”

கோபமாகச் சொல்லவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். ரகுராமன் சார் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை ஷிஃப்ட் மாறும்போது எல்லோரையும் நிற்கச் சொன்னார். பேச்சு சுருக்கம்தான்.

“டேங்க் சுத்தமாத்தான் இருந்திருக்கு. நாம போட்ட தீனிதான் சரியில்ல. அத மாத்துனது நான். விசாரிக்காமப் பெருமாள்சாமியச் சொன்னேன். அது தப்பு.”

அண்ணாச்சி கம்பூட்ஸை மாட்டிக்கொண்டு டேங்க் ஏணியில் ஏறினார். கை புண் ஆறும்வரை கழுவும் வேலையை மற்றவர்கள் கேட்காமலே பார்த்துக்கொண்டார்கள். தீனியில் பயோட்டின் சேர்த்த பிறகு டேங்கில் ஈஸ்ட் மறுபடி பெருகியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வளர்ச்சி நின்றால் முதலில் தீனியைப் பாருங்கள். நைட்ரஜன் எந்த வடிவில் போகிறது, அதை எடுத்துக்கொள்ள வேண்டியது எல்லாம் செல்லுக்குக் கிடைக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு ஃபிளாஸ்க் தப்பாகப் போனால் கொட்டிவிட்டு வேறு போடலாம். ஒரு ஆளைப் பற்றி வாய்விட்டுச் சொன்னதை அப்படிக் கொட்ட முடியாது.