காதில் நிற்காத எண்

ஆறு வயதில் எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மதுரையில் சிகிச்சை. முதுகுத் தண்டில் ஊசி போடும்போதெல்லாம் நான் அசையாதபடி அம்மா இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பிழைத்துவிட்டேன். பள்ளிக்குத் திரும்பிய பிறகுதான் வேறொன்று தெரிந்தது. டீச்சர் வாயால் சொல்லும் கணக்கு, எழுதி முடிப்பதற்குள் பாதி மறந்துபோகும். ஊசியில் போட்ட மருந்து சில பிள்ளைகளை இப்படி ஆக்கும், புத்திக்குக் குறைவில்லை, வேகம்தான் குறையும் என்றார் டாக்டர்.

"வெளிய யார்ட்டயும் மூச்சு விடாத. நாளைக்கு ஒன்ன ஒரு எடத்துல கெட்டிக் குடுக்கணும்ளா" என்றாள் அம்மா.

அரியர் வைத்து பி.காம். முடித்தேன். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் வேலை கிடைத்தது. எங்கள் ஊரான முத்தையாபுரத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன்.

ஒரு நாள் கண்டெய்னர்களை நிறுத்திவைக்கும் யார்டிலிருந்து போன். கண்டெய்னர் நம்பரைச் சொன்னார்கள். எழுத்துகளும் முதல் மூன்று எண்களும் எழுதினேன். மிச்சம் தலையில் இல்லை. திரும்பக் கேட்டேன். இம்முறை கடைசி எண்கள் நின்றன, நடுவில் உள்ளவை போய்விட்டன.

"ஏம்மா, காது கேக்கலியா? துறைமுகத்துல கேட்ட அடைக்கப் போறான்" என்றது போனில் குரல்.

குத்துமதிப்பாக எழுதிவிடலாம். ஓர் எண் பிசகினால் சரக்கு கப்பல் ஏறாது. முதலாளி எழுந்து வந்தார்.

"ஒரு நம்பர் எழுத இவ்வளவு நேரமா?"

"அண்ணாச்சி, சின்னதுல எனக்கு பிளட் கேன்சர். அந்த மருந்துனால காதால கேக்குத நம்பரு மனசுல நிக்காது. போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. தப்பில்லாம அடிச்சிருவேன்."

ஆபீஸில் இருந்த யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவர் போனை வாங்கினார். "ஏலே, படம் எடுத்து அனுப்பு."

என் கம்ப்யூட்டருக்குப் படம் வந்தது. ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்து அடித்தேன், மறுபடி சரிபார்த்தேன். கேட் அடைக்குமுன் கண்டெய்னர் உள்ளே போய்விட்டது.

மறுநாள் என் மேஜையில் போன் இல்லை. எதிர் மேஜைக்குப் போயிருந்தது.

"போன ஏன் எடுத்துட்டீங்க, அண்ணாச்சி?"

"நீ படத்தப் பாத்து அடி. அது போதும்."

உதவிதானா, இல்லை என்மேல் நம்பிக்கை போய்விட்டதா என்று அவர் குரலில் தெரியவில்லை. எதிர் மேஜைப் பெண் அன்றிலிருந்து குழந்தையிடம் பேசுவதுபோல் என்னிடம் இழுத்து இழுத்துப் பேசுகிறாள். அது எனக்குப் பிடிக்கவில்லை; சொல்லியும் விட்டேன்.

அம்மாவிடம் சொன்னபோது மீன் அரிந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"எத்தன பேரு இருந்தாவ?"

"எல்லாரும்."

"இனி ஊருக்கே தெரிஞ்சிரும்" என்றாள். அதற்குப் பிறகு சில நாள் என் கையில் எதையும் தரவில்லை. காலையில் சோற்றுப் பாத்திரத்தை மட்டும் வாசல் பக்கம் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நான் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.