சபைக்கூடம் பூட்டியிருந்த ஞாயிறுகள்

கொரட்டூர் ஏரிப் பக்கம் எங்கள் சபைக்கூடம் இருந்தது. கூடம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்டுத் தரை, பக்கவாட்டில் கம்பி போட்ட சன்னல், அவ்வளவுதான். வாரமெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அப்பா, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாஸ்டர் ஆகிவிடுவார். பெரியப்பா டோலக் வாசிப்பார். அப்பாவின் பிரசங்கத்தைவிட அந்த டோலக்குக்குத்தான் தெருவில் பெயர் அதிகம்.

பின் தெருவில் குடித்தனம் இருந்த ஓர் அக்காவுக்கு எங்கள்மேல் தீராத கோபம். அவள் புருஷன் நைட் ஷிப்ட் முடித்து வந்து கண்ணயரும் நேரத்தில்தான் எங்கள் ஆராதனை தொடங்கும். ஒருமுறை பாட்டின் நடுவில் வாசலில் வந்து நின்று, "உங்க சாமிக்குக் காது கேக்காதா? இன்னாத்துக்கு இப்படி மொத்திக்கினு கீறீங்க?" என்று கத்தினாள். அப்பா மன்னிப்புக் கேட்டார். பெரியப்பா இன்னும் பலமாக வாசித்தார்.

எனக்கு ஒன்பது வயதானபோது, மழை விட்ட கையோடு வாந்திபேதி பரவியது. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். தெருவெல்லாம் ப்ளீச்சிங் பவுடர் நெடி. அந்த வாரம் அப்பா சபைக்கூடத்தைப் பூட்டினார். அவரவர் வீட்டிலேயே ஜெபம் செய்துகொள்ளும்படி கதவில் சாக்பீஸால் எழுதி வைத்தார். அம்மா நூம்பலில் சித்தி வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லி, என்னைப் பெரியம்மாவிடம் விட்டார்.

என் துக்கமெல்லாம் வேறு. சபையில் ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் போட்டிக்காக, பைபிளில் அன்பைப் பற்றிய அதிகாரத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதல் பரிசு டிபன் பாக்ஸ். அதை அப்பா பூட்டி வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு, சொல்லியும் கேட்காமல் விசுவாசிகள் வந்து வாசலில் கூடிவிட்டார்கள். பெரியப்பாதான் முன்னால் நின்றார்.

"கடைய மூடறான், சரி. கர்த்தரோட ஊட்டையுமா மூடுவ? பயந்துகினியா தம்பி? அவரு காப்பாத்த மாட்டாரா?"

"நம்மளக் காப்பாத்துவாருண்ணா. நம்ம கிட்டேருந்து மத்தவங்கள யாரு காப்பாத்தறது?" என்றார் அப்பா.

விசுவாசமில்லாத பாஸ்டர் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

பெரியப்பா விடுவதாக இல்லை. உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கச் சுற்றிக்கொண்டு சன்னல் பக்கம் போனார். நானும் அவர் பின்னாலேயே ஓடிப்போய், அடுக்கியிருந்த செங்கல்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன்.

பாயில் அந்தப் பின் தெரு அக்கா சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரிலிருந்து அவளுக்கு ஸ்பூனால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தது, நூம்பலில் இருக்க வேண்டிய என் அம்மா.

பிற்பாடு தெரிந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் இடமில்லை, உப்புச் சர்க்கரைத் தண்ணீரை விடாமல் கொடுங்கள் என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பல குடித்தனங்களுக்கு ஒரே குழாயும் ஒரே கக்கூசும் இருந்த வீட்டுக்குள் அவளை மறுபடி சேர்க்க வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். போக்கிடமில்லாமல் தெருவில் நின்ற அவள் புருஷனுக்கு அப்பா சபைக்கூடத்தைத் திறந்துவிட்டார். விஷயம் வெளியே தெரிந்தால் விரட்ட ஒரு கூட்டம் வரும், உதவ ஒரு கூட்டம் வந்து நோயை வாங்கிக்கொண்டு போகும். இரண்டுமே வேண்டாமென்றுதான் கோழைப் பட்டத்தை வாங்கிக்கொண்டார்.

அக்கா மெல்லக் கண்ணைத் திறந்து சன்னலைப் பார்த்தாள். காய்ந்த உதட்டோடு, "அண்ணாத்தே, இன்னிக்கு மோளம் இல்லியா?" என்றாள்.

பெரியப்பா கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு முன்பக்கம் போய், "கூரை ஒழுகுதுப்பா. எல்லாரும் ஊட்டுக்குப் போய் ஜெபம் பண்ணுங்க" என்றார். பொய் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அன்று மத்தியானத்திலிருந்து அவர் வீட்டு ஸ்டவ்வில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. ஆறியதும் குடத்தில் ஊற்றிக் கூடத்துப் படியில் வைத்துவிட்டு வருவார்.

கூட்டம் கலைந்தபின் நான் மறுபடி சன்னலுக்கு ஓடினேன். "அம்மா!" என்று கம்பிக்குள் கையை விட்டேன். அம்மா எழுந்து வேகமாக வந்தாள். அவள் கை என் கையை நோக்கி நீண்டது. சட்டென்று அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கிட்ட வராத! போ அப்பால!"

அவள் என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. அம்மாவுக்கு என்னைவிட அந்த அக்காவைத்தான் பிடித்திருக்கிறது என்று பெரியம்மாவிடம் சொல்லி அழுதேன்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். தரையெல்லாம் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு, தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலோடு அம்மா என்னை அழைத்துப்போக வந்தாள். வாசலிலேயே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

நான் பெரியம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கிட்ட வராதே என்று சொன்னவளிடம் எதற்குப் போக வேண்டும்? அம்மா கூப்பிடவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. அன்று சன்னலில் அந்தக் கையைப் பின்னுக்கு இழுக்க அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. என்னை முந்தானைக்குப் பின்னாலிருந்து பெரியம்மாதான் தள்ளிவிட வேண்டியிருந்தது.