ஆட்டுக்கார அக்காவின் கை

வருடத்துக்கு ஒருமுறை என் கைப்பேசி, யாரும் கேட்காமலே, ஒரு படத்தை எடுத்து நீட்டுகிறது. மேலே ‘இனிய நினைவுகள்’ என்று தலைப்பு வேறு. வேலமரத்தில் ஓர் அரசு அறிவிப்பு. அதன் மூலையை அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு கை, ரப்பர் வளையலோடு.

கை ஆட்டுக்கார அக்காவுடையது. பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமமொன்றில் நான் நிர்வாக அலுவலராக, ஊரார் பேச்சில் மணியகாரராக, இருந்தேன். மேய்ச்சல் புறம்போக்கின் குறுக்கே எரிவாயுக் குழாய் வரவிருந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் மூன்று வாரத்துக்குள் சொல்லலாம் என்று அங்கேயே அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஒட்டுவேன், அத்தாட்சிக்குப் படம் எடுப்பேன், பசை காயுமுன் உரித்துவிடுவேன். விட்டுவைத்தால் நாலு பேர் படிப்பார்கள். படித்தால் விளக்கம் கேட்க வருவார்கள். மதியத் தூக்கம் என்னாவது?

அன்று நல்ல காற்று. ஆடுகளை விட்டுவிட்டு அக்கா ஓடிவந்தார். “உடுங்க மணியகாரரே, நான் புடிச்சுக்கறேன். என்னங்க எழுதியிருக்குது?”

“ஒண்ணுமில்லீங்கக்கா, ஆபீஸ் காகிதம்.”

மரங்களை வெட்ட இயந்திரம் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வேலங்காய் தின்று வளர்ந்த ஆடுகள். அந்த ஆடுகளால் நடந்த குடும்பம். அறிவிப்பே இல்லாமல் கொடுத்த அனுமதி செல்லாது என்று வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் என் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, “இது யார் கை?” என்றார்.

“எங்கைதானுங்க சாமி. என்ன காகிதம்னு கேட்டேனுங்க, ஆபீஸ் காகிதம்னாரு, புடிச்சேன். மணியகாரரையே கேளுங்க, அவரு பொய் சொல்லமாட்டாரு.”

கேட்டார்கள். வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு. வரிவரியாகப் படித்துக் காட்டியதாகக் கூண்டில் ஏறிச் சொன்னேன். படிக்காத புத்தகங்களையெல்லாம் படித்ததாகச் சொல்லிப் பழகிய நாக்கு, எங்கும் தடுமாறவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டார். வழக்கு தள்ளுபடியானது.

சில மாதம் கழித்துப் பொள்ளாச்சிச் சந்தையில், கடைசி இரண்டு ஆடுகளோடு நின்றிருந்தார். நான் ஒரு வேனுக்குப் பின்னால் ஒதுங்கினேன். என் தொப்பைக்கு அந்த வேன் போதவில்லை.

“ஏனுங்க மணியகாரரே, வெயில்ல நிக்கறீங்களே, எளநி குடிக்கறீங்களா?”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பேன்.

இந்த வருடமும் படம் வந்தது. அழிக்கவா என்று கைப்பேசி கேட்டது, வேண்டாம் என்றேன். காற்றில் மரக்கிளையெல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. காகிதம் மட்டும் துளியும் கோணவில்லை. அக்கா பிடித்த பிடி அப்படி.