பழைய பேக்எண்டை எடுப்பதா விடுவதா

நானும் என் தோழியும் சேர்ந்து எழுதிய இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. தேவாலயங்களில் பூசை நேரத்தில் பாடல் வரிகளைத் திரையில் காட்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். உள்ளே இருந்துகொண்டு வரிகளைத் திரைக்கு அனுப்பும் பகுதியை பேக்எண்ட் என்போம். எங்களிடம் இரண்டு உண்டு. புதியது நான் எழுதியது. பழைய கணினிகளுக்கானது அவள் எழுதியது.

அந்தப் பழையது எனக்குத் தீராத தலைவலி. புதுப் பதிப்பு வெளியிடும்போதெல்லாம் எங்காவது உடையும். பாயான் பாருவில் தொழிற்சாலை வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அவள் சனிக்கிழமை மதியம் ஜார்ஜ்டவுனுக்கு வருவாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு கடையில் உட்கார்ந்து சரிசெய்வோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று போகும்.

ஒரு சனிக்கிழமை துணிந்து கேட்டேன். "இதை எடுத்திடலாமாடி?"

சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் தேநீரிலிருந்து கண்ணை எடுக்காமல், "எடுத்துடுலா," என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுதியவளே இப்படி விட்டுக்கொடுத்தால் எப்படி? "நிபோங் திபால் கோயில்ல இன்னும் பழைய கம்ப்யூட்டர்தானே? அவங்க என்ன செய்வாங்க?" என்று அவள் பேசவேண்டியதை நானே பேசினேன்.

"அப்ப வேணாம்லா, இருக்கட்டும்."

"இருந்தா யாரு ஒவ்வொரு தடவையும் மாரடிக்கிறது?"

"நீ என்னதாண்டி சொல்ல வர்ற?"

எனக்கே தெரியவில்லை. அவர்களையே கேட்டுவிடுவோம் என்று மறுநாள் அவள் காரில் நிபோங் திபாலுக்குப் போனோம். பூசை முடிந்ததும் பாடகர் குழுவை நடத்தும் அண்ணனைப் பிடித்தோம்.

"பழைய கம்ப்யூட்டரா? அது போயி ரொம்ப நாளாச்சே தங்கச்சி. புதுசு வாங்கியாச்சு."

"ஓடுதான்னு ஒவ்வொரு தடவையும் போன் பண்ணிக் கேட்டோமே அண்ணே?"

"ஓடுதுன்னுதானே சொன்னேன்? புதுசுலயும் நல்லாத்தான் ஓடுது. நீங்க ரெண்டு பேரும் எங்களுக்காக அவ்வளவு மெனக்கெடுறீங்க. வேணாம்னு எப்படி வாய்விட்டுச் சொல்றது?" என்றவர், மீஹூன் சாப்பிடாமல் எங்களை விடவில்லை.

திரும்பும் வழியில், சனியன் தொலைந்தது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் பிறந்த பிறகு சும்மா பார்த்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு விட்டுப்போயிருந்தது. காரணமில்லாமல் போன் செய்தால், "என்ன விஷயம்?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். பழைய பேக்எண்ட் போனால் சனிக்கிழமையும் போய்விடும்.

இருந்தாலும் ரோஷம் விடவில்லை. திங்கட்கிழமை அவள் எழுதிய அத்தனை வரிகளையும் நீக்கி அவளுக்கு அனுப்பினேன். ஒருத்தி செய்யும் மாற்றத்தை மற்றவள் ஒப்புக்கொண்டால்தான் அது மென்பொருளில் சேரும் என்பது எங்கள் வழக்கம். நான் எதை அனுப்பினாலும் உடனே ஒப்புதல் தருகிறவள், இந்த முறை தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: "இது பெரிய விஷயம். சனிக்கிழமை நேர்ல பேசுவோம்."

பேசினோம். முடிவாகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் பேசினோம். நேற்று அவள், "எடுத்திடலாம்னுதான் தோணுதுடி," என்றாள்.

"அவசரப்படாத," என்றேன். "நல்லா யோசிச்சு அடுத்த வாரம் சொல்லு."