ஒரு தரம்தான் ஓடும்

கைபேசியோ, கடிகாரமோ, பல்லோ, எதையாவது திருத்திப் பிழைப்பவர்களே, உங்களுக்குக் கை நடுங்கினால் வேலை பிந்தும். எங்களுக்குப் பொருளே போய்விடும்.

வால்தம்ஸ்டோவில் வசந்தன் அண்ணையின் கடையில் பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுகிறேன். பெயர்பெற்ற ஆங்கிலப் பாடகர்கள் பெயரெடுக்குமுன் யார் வீட்டிலோ பாடியவை அடிக்கடி வரும்.

வேண்டியது

டோரீன் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். எழுபது வயது கடந்தவர். பாடியவரின் பெயரைச் சொன்னதும் அண்ணை எழுந்தே நின்றுவிட்டார். அந்தப் பதிவில் டிரம்ஸ் வாசித்தது டோரீனின் அண்ணன். அடுத்த மாதமே மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். அவர் குரல் வேறெங்கும் இல்லை.

"பாட்டு எனக்கு வேண்டாம். தொடங்குமுன் ஒன்று, இரண்டு என்று எண்ணுவான். அது போதும்."

வெளிச்சம்

பிந்திய கால நாடாக்கள் ஈரம் பிடித்து ஒட்டிக்கொள்ளும். மெல்லிய சூட்டில் உலர்த்தித்தான் ஓட்டுவோம். அதற்கு முந்திய வகையில் சூடு பட்டால் சுருண்டுவிடும். பெட்டியின் மேல் பிந்திய வகையின் பெயர் இருந்தது. அண்ணை உலர்த்தியைப் போட்டுவிட்டார். பழக்கதோஷத்தில் நாடாச் சுருளை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் ஊடுருவியது. பிந்திய வகையில் ஊடுருவாது. முந்திய வகை. ஓடிப்போய் உலர்த்தியை அணைத்தேன்.

டோரீனிடம் கேட்டோம். பழைய பெட்டியில் வினாகிரி போலப் புளித்த மணம் அடித்ததால் வேறு பெட்டிக்கு மாற்றினாராம். அந்த மணம் நாடா கெடுவதன் அறிகுறி. அண்ணை என்னை உள்ளே இழுத்துப்போனார்.

"ஐசே, இது அழுகத் தொடங்கீட்டுது. ஒருக்காத்தான் ஓடும். அதுவும் ஓடினால்."

பஞ்சு

வெளியே இருங்கள் என்றால் டோரீன் கேட்கவில்லை. பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாடா போகும் பாதையில் பரீட்சைக்கு ஒரு முழம் ஓட்டி, நிறுத்தி, பஞ்சால் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது. உதிர்வது நாடாவில் பூசிய இரும்புத் துருத்தூள் மட்டுமல்ல, அதில் பதிந்த ஒலியும்தான். மறைப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"இதில் அவன் எவ்வளவு?"

பின்பக்கமாக

ஓடவிட்டேன். முதலில் வந்தது, யாரோ மூச்சை உள்ளே இழுத்தபடி அலறுவது போன்ற சத்தம். டோரீன் என் கையைப் பற்றினார். பதிந்தபின் யாரும் நாடாவைத் திருப்பிச் சுற்றவில்லை போலும். முடிவிலிருந்து தொடக்கத்துக்கு ஓடுகிறது. அதாவது, இன்றுவரை அதை ஒருவரும் கேட்டதே இல்லை. திருப்பிச் சுற்றினால் முறிந்துவிடும். அப்படியே பதிந்து, பிறகு கணினியில் திருப்பலாம். ஆனால் அவருக்கு வேண்டியது கடைசியில்தான் வரும்.

பாட்டு தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது. சுருள் மெலிந்தது. திடீரென்று நாடா முறிந்தது.

"அண்ணை, எனக்கு ஏலாது. நீங்கள் ஒட்டுங்கோ."

"கையை எடு. மூச்சு விடாத."

தொடக்கம்

ஒட்டினார். மீதி ஓடி முடிந்தது. கணினியில் திருப்பிப் போட்டோம். முதலில் வந்தது எண்ணிக்கை அல்ல. இரைச்சல். பிறகு ஓர் இளைஞனின் குரல்: "டோரீன், சிரிக்கிறதென்றால் வெளியே போய்ச் சிரி, சனியனே!" ஒரு சிறுமி அடக்க முடியாமல் சிரிக்கிறாள். அதற்குப் பிறகுதான் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

டோரீன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு முறை என்னைத் திட்டச் சொல்லுங்கள்."

அன்று பின்னேரம் முழுவதும் திட்டும் எண்ணிக்கையும் மட்டுமே ஓடின. உலகம் வரிசையில் நின்று கேட்கும் அந்தப் பாடகரை எங்கள் கடையில் ஒருவரும் வாய் திறக்க விடவில்லை.